ஷேல் கிணறும் அதன் உப்புநீரும்

ஷேல் என்பது பண்டைக் கடலடிச் சேறு இறுகி உருவான பாறை. அதில் எரிவாயு ஏராளம். ஆனால் வாயு அடைபட்டிருக்கும் நுண்துளைகளுக்கு இடையே வழி இல்லாததால், வெறுமனே துளை போட்டால் வெளியே வராது. அமெரிக்காவின் டெக்சாஸில், ஃபோர்ட் வொர்த் நகரை ஒட்டிய பார்னெட் ஷேலில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் 1981 முதல் இதோடு மல்லுக்கட்டியது. பாறையைப் பிளக்கக் கெட்டியான ஜெல்லைச் செலுத்துவதை விட்டுவிட்டுப் பெரும்பாலும் தண்ணீரையே செலுத்திப் பார்த்தபோது, 1998-ல் வெற்றி கிடைத்தது. 2002-ல் அந்த நிறுவனத்தை வாங்கிய டெவன், கிடைமட்டத் துளையையும் சேர்த்துக்கொண்டது.

இரண்டு கிலோமீட்டர் ஆழம்வரை நேராகத் துளைத்து, அங்கிருந்து துளையை மெல்ல வளைத்துப் பாறை அடுக்கின் போக்கிலேயே கொண்டுசெல்கிறார்கள். பிறகு தண்ணீர், மணல், சிறிதளவு ரசாயனம் கலந்து பேரழுத்தத்தில் உள்ளே செலுத்துகிறார்கள். பாறையில் மயிரிழை விரிசல்கள் விழும். பம்பை நிறுத்தியதும் அவை மூடிக்கொள்ளாதபடி மணல் முட்டுக்கொடுத்து நிற்கும். ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கும் மேல் தண்ணீர் செலவாகும்.

விரிசல் விழும் இடம் குடிநீர் ஊற்றுகளுக்கு வெகு கீழே இருக்கிறது. ஆனால் கிணறு அந்த ஊற்றுகளைத் துளைத்துக்கொண்டுதான் இறங்குகிறது. எஃகுக் குழாயைச் சுற்றி ஊற்றிய சிமெண்ட் சரியாகப் பிடிக்காவிட்டால் மீத்தேன் ஊற்றுநீரில் கலக்கும். சிமெண்டின் பிடிப்பை ஒலியலையால் சோதிக்கும் கருவி இருக்கிறது. அந்தச் சோதனையைச் செய்யாத கிணற்றை இயக்க விடவே கூடாது.

அதைவிடப் பெரிய தொல்லை, எண்ணெயோடும் வாயுவோடும் மேலே வரும் உப்புநீர். காலங்காலமாகப் பாறைக்குள்ளேயே கிடந்த நீர் அது. பல இடங்களில் கடல்நீரைவிட உப்பு அதிகம். ஓக்லஹாமா மாநிலத்தில் அதை ஆர்பக்கிள் என்ற ஆழ்பாறை அடுக்குக்குள் அளவின்றிச் செலுத்தினார்கள். நீரின் அழுத்தம் பரவி, அசையாமல் கிடந்த பழைய பிளவுகள் நழுவின. 3-ம் அதற்கு மேலும் அளவுள்ள நிலநடுக்கங்கள் 2009-க்கு முன் அங்கே ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான். 2015-ல் அவை 800-ஐத் தாண்டின. 2016 செப்டம்பரில் பானீ நகருக்கு அருகே 5.8 அளவில் நிலம் குலுங்கியது. மாநில ஒழுங்குமுறை ஆணையம் செலுத்தும் நீரைக் குறைக்க உத்தரவிட்ட பிறகு, நடுக்கங்கள் ஆண்டுக்காண்டு குறைந்தன.

வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்ட பிறகு வந்த அந்தக் கட்டுப்பாடு, முதல் கிணற்றுக்கு முன்பே வந்திருக்க வேண்டும். உப்புநீர் எங்கே போகும், எவ்வளவு போகும் என்று காட்டாத எந்தத் திட்டத்துக்கும் எந்த அரசும் அனுமதி தரக் கூடாது.