அடியிலிருந்து வரும் குளிர்

கடுங்குளிர் நாட்டிலே தொங்குபடுக்கையில் உறங்குவோனுக்குப் பகைவன் மேலிருந்து வருவதில்லை, கீழிருந்தே வருகிறான். இதனை அறியாதார் எத்தனை கம்பளிகளை மேலே போர்த்தினும் விடியுமட்டும் நடுங்கவே நேரும்.

தொங்குபடுக்கை என்றதும் நம்மவர்க்கு ஏணை நினைவுக்கு வரும். வளையிலே தாயின் சேலையைக் கட்டிக் குழந்தையைத் தாலாட்டுகிறோமே, அந்த ஏணையை ஆளளவுக்குப் பெருக்கி இரு மரங்களுக்கிடையே நீளக் கட்டினால் அதுதான். அதன் பிறப்பிடம் கரிபியன் தீவுகளும் அவற்றை அடுத்த அமெரிக்க வெப்பநாடுகளும் ஆகும். 1492 இல் பஹாமாத் தீவுகளில் இறங்கிய கொலம்பஸ், அங்குள்ள மக்கள் வலைபோன்ற பருத்திப் படுக்கைகளில் உறங்கக் கண்டான். 'ஹமொக்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் அத்தீவினரின் தையீனோ மொழியிலிருந்து போனதே. நிலத்தின் ஈரமும் பாம்பும் பூச்சியும் எட்டாமல், அடியிலே காற்று உலாவ உறங்குவதற்கென அமைந்த படுக்கை அது. வெப்பநாட்டில் எது அதன் சிறப்போ, பனிநாட்டில் அதுவே அதன் குற்றமாகிறது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே அல்கொன்குவின் என்றொரு பெருவனம் உண்டு. 1893 இல் பூங்காவாக ஒதுக்கப்பெற்றது. அங்கே மியூ ஏரிக்கரையிலுள்ள முகாம் குளிர்காலத்திலும் திறந்திருக்கும். ரொறன்ரோவில் வாழும் என் தங்கையின் மகன் மாசி மாதப் பனியிலே அங்கு போய்த் தொங்குபடுக்கையில் இராத்தங்கும் வழக்கமுடையவன். அவன் போகும் இரவுகளில் தங்கைக்கு உறக்கமில்லை. "மாமா, நீங்கள் ஒருக்கால் வந்து பார்த்து அம்மாவுக்குச் சொல்லுங்கோ" என்று அவன் வேண்டிக்கொண்டமையால் நானும் உடன் போனேன். அன்றிரவு வெப்பமானி உறைநிலைக்குக் கீழே 22 பாகையைக் காட்டிற்று. நுவரெலியாவில் தைமாத விடியலிலே புல்நுனியில் உறைபனி கண்டு வியந்தவர்கள் நாம். அந்தக் குளிரெங்கே, இந்தக் குளிரெங்கே!

போர்வை சூட்டைத் தருகிறது என்பது நம்மிற் பலரது எண்ணம். சூட்டைத் தருவது உடல்; போர்வை அதனைக் காப்பது மாத்திரமே. காப்பதும் துணியன்று, துணிக்குள்ளே அடைபட்டு அசையாது நிற்கும் காற்று. காற்று வெப்பத்தை அரிதிற் கடத்துவது. வாத்தின் மென்றூவி திணித்த உறக்கப்பை இத்துணை இதமாயிருப்பதன் காரணம் அந்தத் தூவி தன்னுள்ளே பெருமளவு காற்றைச் சிறைப்படுத்தி வைத்திருப்பதே. ஆனால் தொங்குபடுக்கையில் ஏறிப் படுத்தவுடன் முதுகின் கீழுள்ள தூவி நசுங்குகிறது. சிறைப்பட்ட காற்று வெளியேறுகிறது. நசுங்கிய துணிக்கு அப்பால் இருப்பதோ ஓயாது வீசும் பனிக்காற்று. அது சூட்டை அள்ளிக்கொண்டே போகும்.

இதற்கு இக்காலத்தவர் கண்ட பரிகாரம் கீழ்ப்போர்வை. தூவி திணித்த மெத்தை ஒன்றைப் படுக்கைக்குள் இடாது, படுக்கையின் வெளியே, அதன் அடியிலே தொங்கவிடுகிறார்கள். உடலின் பாரம் அதன்மேல் விழாமையால் தூவி நசுங்குவதில்லை. எளிய உபாயம், ஆயினும் கட்டுவதிலே நுட்பமுண்டு. தளர்ந்திருந்தால் இடைவெளியிற் குளிர்காற்று புகும்; மிக இறுகினால் தூவி மீண்டும் நசுங்கும். என்னை ஏற்றிப் படுக்கவைத்த மருமகன், பனியிலே முழந்தாளிட்டு, முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே கையை விட்டுவிட்டுப் பார்த்துக் கயிறுகளை ஏற்றியும் இறக்கியும் கால்மணி நேரம் பாடுபட்டான். குறுக்குச் சாய்வாகப் படுத்தால் உடல் வில்லாக வளையாது என்பதும் அவன் சொல்லித் தந்தது. கீழ்ப்போர்வை வாங்க வசதியில்லாதோர் நுரைப்பாயை உள்ளே இடுவர். அது நழுவும், தோள்கள் வெளியே நின்று குளிரும். எனினும் வெறும் துணியினும் எவ்வளவோ மேல்.

காற்றைத் தடுக்கப் படங்கைப் பனித்தரை தொடும்படி தாழக் கட்டினோம். பகலில் வியர்த்த உடைகளை முற்றாகக் களைந்து உலர்ந்த கம்பளியுடை அணிந்தோம். நீர், அசையாக் காற்றினும் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மூக்கைப் போர்வைக்குள் புதைப்பதும் ஆகாது. மூச்சின் ஈரம் தூவியை நனைத்துவிடும். உறங்குமுன் நிலக்கடலையும் பாற்கட்டியும் தின்றோம். இறுக மூடிய சுடுநீர்ப் போத்தல் ஒன்று தொடைகளுக்கிடையே கிடந்தது. மதுபானம் சூடு தரும் என்று நம்மூரிலும் சிலர் சாதிப்பதுண்டு. தோலின் குருதிக்குழாய்களை விரித்து உள்ளுடலின் வெப்பத்தை அது வெளியேற்றுகிறது. உணர்வு சூடு, விளைவு குளிர். படங்கை மூடிவிட்டு உள்ளே அடுப்பெரிப்பது அதனினும் கொடிது. மணமும் நிறமுமற்ற காபனோரொட்சைட்டு உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

இரவு மூன்று மணியளவில் இடத்தோளிலே பனிக்கட்டி வைத்தாற்போன்ற உணர்வு எழ, விழித்தேன். கீழ்ப்போர்வை ஒருபக்கம் நழுவியிருந்தது. குரல் கொடுக்குமுன்னரே மருமகனின் விளக்கு அசைந்தது. கயிற்றைச் சரிசெய்துவிட்டு, என்னைப் பெயர் ஊர் சொல்லச் சொன்னான். பகிடியென்று எண்ணினேன். "நடுக்கம் இருக்குமட்டும் பயமில்லை, மாமா. நடுக்கம் நின்று நாக்குக் குழறினால்தான் ஆபத்து. அப்படியென்றால் உடனே காருக்குள் கொண்டுபோய் விடுவன்" என்றான். கார் நின்றது நூறடி தூரத்திலே. தனியே வரும்போதும் அதற்கப்பால் கட்டுவதில்லையாம்.

ரொறன்ரோ திரும்பியதும் தங்கை கேட்ட முதற்கேள்வி, "குளிர்ந்ததோ, அண்ணை?" என்பது. "ஒரு தோள் மட்டும், கொஞ்சநேரம்" என்றேன். கார் நின்ற தூரத்தையும் சொன்னேன்.