ஆழம் எப்படி 'எக்ஸ்' ஆச்சு?

நாளைக்கு ரிவ்யூ. பிராஜெக்ட் ரிப்போர்ட்டை பென்டிரைவில் போட்டுக்கிட்டு வில்லியனூரிலோ பாகூரிலோ ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போறீங்கன்னு வைங்க. உங்க லேப்டாப்பில் "⌀10 ↧20" என்று ஒழுங்காக இருந்த துளைக் குறிப்பு, அங்கே விட்டக் குறிக்குப் பதில் 'என்', ஆழக் குறிக்குப் பதில் 'எக்ஸ்' என்று ஆங்கில எழுத்தாக வந்து நிற்கிறது. ஏன்?

ஆட்டோகேடுடன் வரும் ஜிடிடி எழுத்துருவில், குறியீடுகள் எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. 'என்' அடித்தால் விட்டம், 'எக்ஸ்' அடித்தால் ஆழம், 'ஜே' அடித்தால் பொசிஷன், 'வி' அடித்தால் கவுன்டர்போர். திரையில் தெரிவது குறியீடு. ஃபைலுக்குள் இருப்பது வெறும் எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வேஷம் கலைஞ்சிடும்.

நமக்கு இது பழைய கதைதான். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று வர ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடிக்கணும். அங்கே 'ஜே' என்பது 'த'. ஜிடிடியில் அதே 'ஜே' பொசிஷன்!

ஆனால் ஒரு வித்தியாசம். பாமினி கலைஞ்சா படிக்கவே முடியாது. டிராயிங் குறிப்பு கலைஞ்சா தப்பா படிக்க முடியும். 10 மி.மீ. விட்டத்தில் 20 மி.மீ. ஆழத் துளையை, '10-க்கு 20' ஸ்லாட் என்று மில்லிங் ஆபரேட்டர் எடுத்துக்கிட்டா ஜாப் ஸ்கிராப்.

சரி, என்ன செய்யலாம்?

ரிப்போர்ட்டில் யூனிகோட் குறியீடுகளைப் பயன்படுத்துங்க. விட்டத்துக்கு எண் 2300, பொசிஷனுக்கு 2316, கவுன்டர்போருக்கு 2334, கவுன்டர்சிங்குக்கு 2335. வேர்டில் 2300 அடிச்சு, உடனே ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் ⌀ வரும். அந்தக் குறியீடு இல்லாத கம்ப்யூட்டரில் பெரும்பாலும் காலிக் கட்டம்தான் தெரியும். கட்டத்தைப் பார்த்தா "இது என்னப்பா?"ன்னு யாராவது கேட்பாங்க, 'எக்ஸ்'ஸைப் பார்த்தா யாரும் கேட்க மாட்டாங்க.

ஆட்டோகேட் ஃபைலை அனுப்பும்போது ஈ-டிரான்ஸ்மிட் கட்டளையில் எழுத்துருக்களையும் சேர்த்து அனுப்புங்க. கூடவே ஒரு பிடிஎஃப் வைங்க. பிரிண்ட் எடுக்கவும் அந்த பிடிஎஃப்பையே கொடுங்க.

கடைசியா, உங்க ஃபைலை நண்பரோட லேப்டாப்பில் ஒரு தடவை திறந்து பாருங்க. இரண்டு நிமிஷ வேலைதான்.