மூச்சு எங்கே போகிறது?

இடுக்கி மாவட்டத்தில் மூணாறு சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. கொழுந்து மூட்டையோடு மேடு ஏறும் பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறது. ஏன்? உழைக்கும் உடலுக்கு அதிகக் காற்று வேண்டும்.

மூக்கிலுள்ள முடியும் சளியும் தூசியைப் பிடிக்கும். காற்று மூச்சுக்குழாய் வழியே இரண்டு நுரையீரலுக்கும் போகும். அங்கே கோடிக்கணக்கான சிறு காற்றுப் பைகள் உள்ளன. அவற்றிலிருந்து பிராணவாயு இரத்தத்தில் சேரும். கரியமில வாயு வெளியேறும்.

லயத்து வீட்டில் விறகுப் புகை அடைந்தால் இந்தப் பைகள் கெடும். சன்னலைத் திறந்து வைத்துச் சமைக்க வேண்டும்.

இருமல் இரண்டு வாரம் நீடித்தால், புகையால் வந்தது என்று விட்டுவிடக் கூடாது. காசநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். மருந்தும் இலவசம். முழுதும் சாப்பிட்டால் நோய் குணமாகும்.