உஷார்! மிதக்குது கண்ணாடி மாளிகை... படகாகத் தாங்குமா?

ஆலப்புழையில் ஹவுஸ்போட் எடுக்க முன்பணம் கட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். மூங்கில் பாய் வேய்ந்த ஒற்றைத்தளப் படகுகள் வரிசைகட்டி நின்ற புன்னமடைக் காயலில், இப்போது வேறு ரகம் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு அடுக்கு. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிச் சுவர். மேல்தளத்தில் விருந்துக்கூடம், சிலவற்றில் ஜக்குஸி தொட்டி. பார்க்க அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் அது நிற்கப்போவது நிலத்தில் அல்ல. அறையில் ஏசி எத்தனை டன், கரிமீன் பொரியல் உண்டா என்று துருவித் துருவிக் கேட்கிற நாம், இது படகாக எப்படி என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டாக வேண்டும்.

இந்த ஹவுஸ்போட்டின் பாட்டன் கெட்டுவள்ளம். ஆஞ்சிலிப் பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துச் சேர்த்த சரக்குப் படகு. குட்டநாட்டின் நெல்லை ஏற்றிக்கொண்டு கொச்சி வரை போய்வந்தது. பெரிய வள்ளம் 30 டன் வரை சுமக்கும். அவ்வளவு பாரமும் அதன் வயிற்றில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும். மேலே இருந்தது மழைக்கு ஒரு கூரை, அவ்வளவுதான். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை எத்தனை தட்டினாலும் நிமிர்வதற்கு எது காரணமோ, அதுவேதான் இதற்கும். லாரியும் பாலமும் வந்து வள்ளங்களுக்கு வேலை போனபின், 1990களின் தொடக்கத்தில் அவற்றைச் சுற்றுலாவுக்குத் திருப்பினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அப்போதே ஒன்று தலைகீழானது: வயிறு காலி, பாரம் மேலே.

ஒற்றைத்தளம் இருந்தவரை அது பெரிதாகத் தெரியவில்லை. இரண்டாம் தளம் வந்ததும் கணக்கு மாறுகிறது. கண்ணாடி லேசான பொருள் அல்ல; 10 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ. அதைத் தாங்க இரும்புச் சட்டம். கூரைமேல் ஏசி யூனிட்டுகள், தண்ணீர்த் தொட்டி. ஆயிரம் லிட்டர் ஜக்குஸி என்றால் ஒரு டன் தண்ணீர், அதுவும் படகு சாய்கிற பக்கமே ஓடிச் சேர்ந்து சாய்வை இன்னும் கூட்டுகிற தண்ணீர். தொட்டி பாதி நிரம்பியிருந்தால்தான் இந்த ஆட்டம் மோசம். அதற்கும் மேல் நாம் ஏறுகிறோம், செல்பி எடுக்க.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நாலரை மீட்டர் அகலம், 40 டன் எடையுள்ள படகு. மேல்தளத்தில் 30 பேர், சராசரி 65 கிலோ வீதம் சுமார் 2 டன். யாரோ ‘அங்க பாரு’ என்றதும் எல்லோரும் ஒரே பக்கக் கைப்பிடிக்கு நகர்கிறார்கள். பாரம் தாழ்வாக அமைந்த நல்ல படகாக இருந்தால் 6 டிகிரி அளவுக்குச் சாயும். விளிம்பு ஒரு முழத்தில் பாதி இறங்கும், குழந்தைகள் கூச்சலிடுவார்கள், முடிந்தது. மேலே பாரம் ஏறி நிமிரும் திறன் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த படகாக இருந்தால் அதே 30 பேருக்கு 18 டிகிரி சாயும். விளிம்பு 70 சென்டிமீட்டர் கீழே போகும். தண்ணீருக்கு மேல் விளிம்பின் உயரமே இரண்டடிதான் என்றால் காயல் நேராக உள்ளே வரும். தண்ணீர் உள்ளே வந்த படகு மேலும் சாயும். அதன்பிறகு கணக்கு எதுவும் இல்லை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2009 செப்டம்பர் 30, தேக்கடி. ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு பெரியாறு ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்ததாகச் சொல்லப்பட்டது. பழைய படகு, ஓட்டைப் படகு என்றும் தள்ளிவிட முடியாது. அது ஓடத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அடுத்து 2023 மே 7, மலப்புறம் மாவட்டம் தானூர். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு, மாலை மங்கிய நேரத்தில், அளவுக்கு மீறிய கூட்டத்தோடு கவிழ்ந்தது. 22 பேர் போனார்கள். பலர் குழந்தைகள். இரண்டுமே ஹவுஸ்போட் அல்ல என்று படகுக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மேலே தளம் ஏற்றி, அதன்மேல் கூட்டத்தை ஏற்றினால் என்ன ஆகும் என்ற இயற்பியலுக்குப் படகின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாது.

காற்றுக்கு வருவோம். 25 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம் உள்ள தட்டையான சுவர் என்பது 150 சதுர மீட்டர் பாய். பாய்மரக்காரன் காற்று கூடினால் பாயைச் சுருட்டுவான். கண்ணாடிச் சுவரை யார் சுருட்டுவது? மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று, அதாவது மழைக்கு முந்தைய சாதாரணக் காற்று, இந்தச் சுவர்மேல் பக்கவாட்டில் சுமார் ஒரு டன் விசையோடு தள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அடியில் இருப்பதோ தட்டையான, ஆழமில்லாத உடல். தண்ணீரைப் பற்றிக்கொள்ள அதற்குக் கால் இல்லை. ஒரு 40 குதிரைசக்தி எஞ்சின் முழு மூச்சாகத் தள்ளினாலும் தருவது ஏறக்குறைய 400 கிலோ விசை. அதுவும் முன்னோக்கித்தான், பக்கவாட்டில் அல்ல. அதனால்தான் கோடைமழை வரும் பிற்பகல்களில் அனுபவமுள்ள ஸ்ராங்குகள், அதாவது படகோட்டிகள், பெரிய படகைக் காயலின் நடுவுக்குக் கொண்டுபோகாமல் ஓடையோரமாக ஒதுங்கிவிடுகிறார்கள். ‘ஏன் ஏரிக்குள்ள போகல, காசு வாங்கலையா’ என்று நம் ஆட்கள் அவர்களோடு மல்லுக்கு நிற்பார்கள். அவர்கள் செய்ததுதான் சரி.

ஐரோப்பாவில் படகுகளை அலை, காற்றைத் தாங்கும் திறனுக்கு ஏற்ப ஏ, பி, சி, டி என்று தரம் பிரிக்கிறார்கள். கடைசித் தரமான ‘டி’க்கு உரிய அலை வெறும் 30 சென்டிமீட்டர். கரைக்குள் அடங்கிய கால்வாய்க்கான தரம் அது. பெட்டி வடிவ ஹவுஸ்போட்டுகள் பலவும் அங்கேதான் நிற்கின்றன. குட்டநாட்டின் ஓடைகளுக்கு அது போதும். ஆனால் வேம்பநாட்டுக் காயல் அகலமான இடத்தில் 14 கிலோமீட்டர் வரை விரிகிறது. அத்தனை தூரம் தடையில்லாமல் காற்று ஓடினால் அரை மீட்டர் அலை எழுவது பெரிய விஷயமே இல்லை.

ஸ்ரீநகர் தால் ஏரியின் தேவதாரு ஹவுஸ்போட்டை நான் இந்தக் கேள்விகளால் துளைக்க மாட்டேன். அதற்கு எஞ்சினே கிடையாது. கரையோரம் கட்டிப்போட்ட விடுதி அது, நம்மை அங்கே கொண்டுபோய் விடுவது சிக்காரா என்ற சிறு படகு. ஆம்ஸ்டர்டாமில் கான்கிரீட் பெட்டிமேல் நிற்கிற மிதக்கும் வீடுகளும் அப்படியே, நகர்த்த வேண்டுமென்றால் இழுவைப்படகு வரும். ஓடாத வீட்டை வீடாகவே பார்க்கலாம். ஆலப்புழைப் படகு ஓடுகிறது, திரும்புகிறது, இன்னொரு படகுக்கு வழிவிடுகிறது, சாயங்காலம் கரை அணைகிறது. இதற்கெல்லாம் ஓட்டுபவருக்குப் பின்பக்கம் தெரிய வேண்டும், கயிற்றோடு ஒரு ஆள் அணியத்திலிருந்து அமரத்துக்கு வெளிவிளிம்பு வழியாக ஓட இடம் வேண்டும். விளிம்பு வரை கண்ணாடியை இழுத்துவிட்டு, கயிற்றோடு போகிறவரை உங்கள் படுக்கையறை வழியாக வரச் சொல்லும் வடிவமைப்பு இருக்கிறதே, அதை வரைந்தவர் ஒருநாளும் படகைக் கரை சேர்த்திருக்க மாட்டார்.

இதே கண்ணாடிதான் அவசரத்திலும் வில்லன். ஏசிக்காக மூடிய அறை, திறக்காத கண்ணாடி, வெளியேற நடுவில் ஒரே குறுகிய நடை. அந்த நடையின் ஒரு முனையில் சமையலறை, எரிவாயு சிலிண்டர். பக்கத்தில் ஜெனரேட்டர், டீசல். 2020 ஜனவரியில் பாதிராமணல் தீவுக்கு அருகே ஒரு ஹவுஸ்போட் தீப்பிடித்து எரிந்தது; பயணிகள் காப்பாற்றப்பட்டார்கள். 2023 நவம்பரில் தால் ஏரியில் பிடித்த தீயில் ஹவுஸ்போட்டுகள் பல எரிந்தன, வங்கதேசத்துச் சுற்றுலாப் பயணிகள் மூவர் இறந்தார்கள். தண்ணீர் நடுவே தீ என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். பாய், வார்னிஷ், ஃபோம் மெத்தை என்று எரிவதற்கு அங்கே எல்லாமே தயாராக இருக்கிறது. அறைக்குள் போனதும் ஜன்னலைத் திறந்து பாருங்கள். ஒரு ஆள் நுழைந்து வெளியேறும் அளவுக்குத் திறக்கிறதா? திறக்கவே இல்லை என்றால் அறையை மாற்றுங்கள். ஜெனரேட்டர் புகை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பாருங்கள். மூடிய அறையில் அந்தப் புகை, தூங்குகிறவரை எழுப்பாமலே கொல்லும்.

சரி, துறையில் நிற்கிற படகைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று நாமே எப்படி மதிப்பிடுவது? முதலில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தண்ணீருக்கு மேல் உடலின் விளிம்பு முழங்கால் உயரம்கூட இல்லாமல், அதன்மேல் இரண்டு ஆள் உயரத்துக்குக் கட்டடம் நிற்கிறதென்றால் நெற்றியைச் சுருக்குங்கள். யாரும் ஏறாத நேரத்தில் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கிறதா? அடியில் தண்ணீர் கிடக்கலாம், பாரம் ஒருபக்கம் கூடியிருக்கலாம், எதுவானாலும் நல்லதல்ல. அடுத்து, ஆட்டம். நாலைந்து பேர் ஒரு ஓரத்தில் ஏறி இறங்கும்போது படகு ஆடுவதைக் கவனியுங்கள். இதில் பலர் ஏமாறுவார்கள்: தொட்டில் மாதிரி மெதுவாக, சுகமாக ஆடுகிற படகுதான் ஆபத்தானது. வெடுக்கென்று நிமிர்கிற படகு வயிற்றைக் கலக்கினாலும் நம்பகமானது. நாலரை மீட்டர் அகலப் படகு ஒருபக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய், மீண்டும் வர 3, 4 விநாடி எடுத்தால் சரி. 6, 7 விநாடி என்று இழுத்தால் அதற்கு நிமிரும் மனமில்லை என்று பொருள். அதன் மேல்தளத்துக்குக் குழந்தைகளை அனுப்ப வேண்டாம்.

காகிதமும் முக்கியம். 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவும் தகுதிச் சான்றும் இல்லாமல் இப்படிப்பட்ட படகு ஓடக் கூடாது; கேரளத்தில் இதைக் கவனிப்பது கேரள மாரிடைம் போர்டு. சான்றில் எத்தனை பயணிகள் என்ற எண் இருக்கும். மேல்தளத்துக்குத் தனியாக அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். பழைய உடல்மேல் புது மாடி கட்டியிருந்தால், மாடி கட்டியபின் மறுபடி சோதித்தார்களா என்பதே கேள்வி. எடைக்கற்களைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்தி, எவ்வளவு சாய்கிறது என்று தொங்குகுண்டு வைத்து அளக்கிற எளிய சோதனைதான் அது. ‘பங்கு போடுங்க சார், வாடகை கொட்டும்’ என்று இந்த மாளிகைப் படகுகளில் முதலீடு செய்யச் சொல்லும் அழைப்புகளுக்குச் செவிசாய்ப்பவர்கள் அந்தச் சோதனை அறிக்கையைக் கையில் வாங்காமல் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

கல்யாண வீட்டுக் கூட்டமாகப் போகிறவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும். ‘இன்னும் பத்துப் பேர் ஏறிக்கலாம், ஒண்ணும் ஆகாது’ என்று சொல்கிற தரகர் உங்களோடு வரப் போவதில்லை. உயிர்காப்பு உடை ஆள் கணக்குக்கு இருக்கிறதா, குழந்தை அளவில் இருக்கிறதா என்று புறப்படும் முன் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கட்டிலுக்கு அடியில் உறைகூடப் பிரிக்காமல் கிடப்பது உதவாது. மாலை ஐந்தரை வாக்கில் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள், இரவில் காயல் மீனவர்களின் வலைகளுக்கு உரியது. ‘நிலா வெளிச்சத்தில் ஒரு சுற்று’ என்று கூடுதல் பணம் கொடுத்துக் கிளப்பச் சொல்லாதீர்கள்.

முன்பணம் அனுப்பும் முன் இரண்டு கேளுங்கள்: தண்ணீர் மட்டத்திலிருந்து எடுத்த முழுப் பக்கவாட்டுப் படம், தகுதிச் சான்றின் நகல். இரண்டும் வந்தால் பேச்சைத் தொடரலாம். பதிலுக்குக் கட்டிலில் ரோஜா இதழ் தூவிய படமே மறுபடி மறுபடி வந்தால், அந்த எண்ணை அழித்துவிட்டு வேறு படகு பாருங்கள்.