பெயர் ஒன்று, அளவு வேறு

அமெரிக்க நாட்டிற் குறிவல்லார் பலர், சுட்டொழிந்த கைத்துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டினை எஃகு அச்சுக்களால் மீள உருவமைத்துப் பயன்கொள்வர். பிறர் கையாண்ட பழைய அச்சினை வாங்குவோர், அதன்மேற் பொறித்த எண்ணை மட்டும் நம்புதல் தகாது.

‘38 ஸ்பெஷல்’, ‘38 ஸ்மித் அன்ட் வெசன்’ என்பன எண்ணால் ஒன்றாயினும் கூட்டின் அளவால் வேறு. ஒன்றன் அச்சு மற்றதற்கு ஆகாது. 1935 இல் வெளிவந்த ‘357 மாக்னம்’ எண்ணால் வேறாயினும், விட்டத்தால் ஸ்பெஷலோடு ஒன்றே, நீளமே மிகுதி. ஆதலின் ஓரச்சே இரண்டற்கும் உதவும்; அதன் உயரத்தைக் கூட்டின் நீளத்திற்கேற்பத் திருத்துதல் வேண்டும்.

ஒருசொற் பல்பொருளும், ஒருபொருட் பல்பெயரும் நிகண்டிற் பயின்றார்க்குப் புதியனவல்ல. நூலில் மயங்கினாற் பொருள் கெடும்; ஈண்டு மயங்கினாற் கண்ணும் கையும் கெடும். பெயரைப் படித்தபின் அளந்தும் அறிக.