மலரும் நேரமும் படம் ஓடும் நேரமும்

தாவரங்கள் அசைவதில்லை என்னும் எண்ணம், மனிதக் கண்ணின் வேகத்தையே அளவுகோலாகக் கொண்டதால் எழுந்த பிழை என்பதைப் பொதுமக்களுக்குக் கண்கூடாகக் காட்டிய பெருமை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த சில நிமிடக் குறும்படங்களுக்கு உண்டு. அவற்றுள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது, லண்டனில் அரசுக் கல்வி வாரிய எழுத்தராகப் பணியாற்றியவரான பெர்சி ஸ்மித், தயாரிப்பாளர் சார்லஸ் அர்பனுக்காக எடுத்து 1910இல் வெளியான 'ஒரு மலரின் பிறப்பு'. லில்லி, ரோஜா முதலியவை மொட்டவிழ்ந்து விரிவதைத் தவிர அதில் வேறு நிகழ்ச்சி எதுவும் இல்லை. வேறொன்று தேவைப்படவும் இல்லை.

இதற்குப் பயன்பட்டது 'டைம் லாப்ஸ்', அதாவது ஒரே காட்சியைக் குறிப்பிட்ட இடைவெளி விட்டு ஒவ்வொரு படமாக எடுத்து, பின்னர் அவற்றைத் தொடர்ச்சியாக ஓட்டிக் காட்டும் முறை. கால் மணி நேரத்துக்கு ஒரு படம் என எடுத்தால் ஒரு நாளில் 96 படங்கள் சேரும். மௌனப்படக் காலத்தில் வழங்கிய ஏறத்தாழ நொடிக்கு 16 படங்கள் என்னும் வேகத்தில் அவற்றை ஓட்டினால், ஒரு முழு நாள் 6 நொடிகளில் முடிந்துவிடும். கணக்கு எளிது, செயல் அவ்வாறன்று. ஒவ்வொரு படத்துக்கும் ஒளி ஒரே அளவில் விழாவிட்டால் திரையில் காட்சி மினுங்கும். கேமரா சற்று நகர்ந்தாலும் பல நாள் உழைப்பு வீணாகும். விளக்கின் வெப்பத்தால் செடியே வாடிவிடவும் கூடும். இவற்றையெல்லாம் ஸ்மித் தம் வீட்டிலேயே, வீட்டுப் பொருள்களைக் கொண்டு தாமே அமைத்த கருவிகளால் சமாளித்தார் என்பது வியந்து போற்றத்தக்கது. 1922 முதல் 1933 வரை பிரிட்டனில் வெளிவந்த 'இயற்கையின் இரகசியங்கள்' என்னும் குறும்படத் தொடரிலும் அவருடைய பங்கு பெரிது.

விலங்குகளைப் படமெடுப்பதில் இடர் வேறு வகையானது. செடி காத்திருக்கும், விலங்கு காத்திராது. பிரான்சைச் சேர்ந்த ழான் பென்லவே, 1930களில் எடுத்த 'கடற்குதிரை' என்னும் படத்துக்காக, நீர்புகாப் பெட்டிக்குள் கேமராவை வைத்து ஆர்க்கஷோன் விரிகுடாவில் இறங்கினார். கடற்குதிரையில் பெண் இடும் முட்டைகளை ஆண் தன் வயிற்றுப் பையில் ஏந்திச் சுமந்து, இறுதியில் உடல் துடித்துக் குஞ்சுகளை வெளியேற்றுகிறது. அந்தத் தருணம் எப்போது வரும் என்று அறிய முடியாமையால், கண்ணயர்ந்து தலை சாய்ந்தால் மெல்லிய மின்னதிர்ச்சி தரும் அமைப்பு ஒன்றைப் பொருத்திக்கொண்டு அவர் கடற்குதிரைகளை வைத்திருந்த தொட்டியருகே விழித்திருந்தார்.

இத்தகைய படங்களுக்குக் குறுகிய நீளமே வலிமை. நீண்ட ஆவணப்படம் பார்வையாளரைப் பிடித்து வைப்பதற்காக விலங்குகளுக்குள் நாயகனையும் பகைவனையும் தேட நேர்கிறது. ஓர் உயிர், அதன் ஒரு செயல் என்று எல்லை வகுத்துக்கொண்ட குறும்படத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இன்று பெரும்பாலான திறன்பேசிகளில் டைம் லாப்ஸ் வசதி இருப்பதால், ஓர் அவரை விதை முளைவிட்டு நிமிர்வதை மாணவர்களே படமெடுத்து வகுப்பில் காண்பதற்கு, அறிவியல் ஆசிரியர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே வழி செய்தல் வேண்டும்.