ஒத்தக்கடையிலிருந்து ஒற்றையடிப் பாதைகள் – 7: மழையைத் திருப்பிய வெட்டு

யானைமலைக்குப் பின்புறம் போகும் வண்டிப்பாதையைப் போன வாரம் முடித்தாயிற்று. புது வீட்டிலிருந்து பழைய மொபெட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுவது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். இந்த வாரம் அரிட்டாபட்டிப் பறவைகள் என்று சொல்லியிருந்தேன். போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழை காட்டியதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

மேலூர் நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே திரும்பினால் வயலும் கண்மாயுமாக ஊர்கள் வரும். தார் முடிகிற இடத்தில் செம்மண் பாதை தொடங்கும். கண்மாய்க் கரைமேல் ஏறி, கலுங்கருகே இறங்கி, சீமைக்கருவேலப் புதருக்குள் ஒடுங்கி, கடைசியில் அது ஆட்டுத்தடமாகிவிடும். அதற்கு மேல் வண்டி போகாது. மீனாட்சிபுரத்தை ஒட்டி நிற்கும் ஓவாமலைக்கு அங்கிருந்து நடைதான். மாங்குளம் கல்வெட்டுகள் என்று வரலாற்றுப் புத்தகங்களில் வருவது இந்த மலையில் இருப்பவைதான்.

பாதி ஏறியதும் மழை இறங்கிவிட்டது. குகைக்குள்ளிருந்து ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார்: “உள்ள வந்துருங்க தம்பி, இங்கன நனையாது.”

அவர் சொன்னபடியே நனையவில்லை. வெறும் பாறை இடுக்கு அது. கதவில்லை, சுவரில்லை. மேலே இருக்கும் பாறைச்சரிவு முழுவதிலும் விழுகிற மழை எங்களுக்கு நேர் மேலேதான் வழிந்து வருகிறது. ஆனால் குகை வாயிலுக்கு வந்ததும் ஒரே கோட்டில் அறுந்து, இழை இழையாக வெளியே விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். நெற்றிப் பாறையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் உளியால் ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள்.

இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இந்தக் காடிதான். பாறை உருண்டையாக உள்ளே வளைந்தால் தண்ணீர் உடனே கீழே விழாது. பாறையோடு ஒட்டிக்கொண்டே வளைவில் ஊர்ந்து கூரையின் அடிப்பக்கத்துக்கு வந்து, பிறகுதான் சொட்டும். அதாவது படுத்திருப்பவர் முகத்தில் சொட்டும். வழியில் கூர்மையான விளிம்பு ஒன்று இருந்தால் ஒட்டிவந்த தண்ணீர் அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே விழுந்துவிடும். காடி செய்கிற வேலை அவ்வளவுதான். எங்கள் வீட்டுச் சன்ஷேடின் அடியில், ஓரத்தை ஒட்டிக் கொத்தனார் கரண்டியால் இழுத்துவிட்ட பள்ளமும் இதே வேலையைத்தான் செய்கிறது. சிமென்ட்டில் ஒரு நொடியில் இழுத்ததை இங்கே கருங்கல்லில் வெட்டியிருக்கிறார்கள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால்.

உள்ளே சமணத் துறவிகளுக்கான கற்படுக்கைகள். தரையை வழவழப்பாகத் தேய்த்து, தலைமாட்டில் மட்டும் சற்று மேடாக விட்டுத் தலையணை செய்திருக்கிறார்கள். கை வைத்துப் பார்த்தேன், உலர்ந்து கிடந்தது. கொடுத்தவர்களின் பெயர்களும் தமிழி எழுத்தில் பாறையிலேயே இருக்கின்றன. பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனின் பணியாளான கடலன் வழுதி, கணிநந்தன் என்ற துறவிக்காகச் செய்துகொடுத்திருக்கிறான். வெள்ளறை ஊர் வணிகர் குழுவும் கொடையில் சேர்ந்திருக்கிறது. 1882-இல் ராபர்ட் சீவல் இந்த எழுத்துகளைக் கண்டு குறித்தார். இவை தமிழ்தான் என்று 1924-இல் எடுத்துச் சொன்னவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர்.

கீழவளவையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மேலூருக்கு அந்தப் பக்கம், கிரானைட் குவாரிகளுக்கு நடுவே தப்பி நிற்கும் பஞ்சபாண்டவர் மலையிலும் கற்படுக்கைகள் உண்டு. கொடுத்தவர் தொண்டிக்காரர். கடற்கரைத் துறைமுகத்து ஆள் ஒருவர் இத்தனை தூரம் உள்ளே வந்து துறவிகளுக்குப் படுக்கை வெட்டித் தந்திருக்கிறார். அங்குள்ள கல்வெட்டில் எழுத்துகளைத் தலைகீழாக, வலமிருந்து இடமாக வெட்டியிருக்கிறார்கள். தொண்டியிலிருந்து கீழவளவுக்கு அன்று எந்தப் பாதை வந்தது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அது தனி அத்தியாயமாக வரும்.

மழை விட்டும் பெரியவர் உடனே என்னை இறங்க விடவில்லை. “பாறை வழுக்கும், செத்த நேரம் காயட்டும்.” ஆடுகள் முதலில் இறங்கின, அவற்றின் தடத்தில் நாங்கள்.

அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில், இந்த இடத்தையும் உள்ளடக்கிய சுமார் 5,000 ஏக்கருக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஊர் ஊராக மக்கள் எழுந்து நின்றார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நாம் நடக்கிற ஒவ்வொரு தடமும் அந்த ஊர்க்காரர்கள் காத்துக் கொடுத்தது.

பறவைகளுக்கு இந்த வாரம் இடமில்லை. லகுடு வல்லூறு அடுத்த வாரம் நிச்சயம். அதற்குள் ஓவாமலைக்குக் கிளம்புகிறவர்கள் ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கல்வெட்டின் மேல் சாக்பீஸ் தேய்க்காதீர்கள். படுக்கைகளில் பெயர் கிறுக்காதீர்கள், கிறுக்குகிறவரைக் கண்டால் தடுத்துச் சொல்லுங்கள்.